ஏலத்தில் எடுத்த பூண்டு

மலை அடிவாரத்தில், வத்தலக்குண்டு பக்கம் இருக்கிற ஒரு கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சொந்தத் தொழிலில் ஜெயித்தவர்களை வரிசையாகக் கூப்பிட்டுப் பேச வைக்கிறார்களாம், அதில் நான் மூன்றாவது ஆள். பத்தாம் வகுப்பில் தவறியவர், பள்ளிக்கூட விடுதியில் தட்டுக் கழுவியவர், இன்றைக்குக் கொடைக்கானலில் மூன்று பேக்கரிகளுக்குச் சொந்தக்காரர் என்று அறிமுகம் செய்தார்கள். எல்லாம் உண்மைதான். அப்புறம் சால்வை போட்டார்கள். குளிருக்குப் போர்த்த வேண்டிய சாமானை அந்த வெயிலில் போர்த்திக்கொண்டு, வியர்க்க வியர்க்க அரை மணி நேரம் பேசினேன்.

பேசி முடித்ததும் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். பேங்க் லோன், விளம்பரம், இரண்டாவது கிளை என்று வழக்கமான கேள்விகள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து சின்னதாக ஒன்று கேட்டாள்.

"சார், அந்த மொதக் கடை காலியாக் கெடக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

உண்மையான பதில் எனக்குத் தெரியும். ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் நான் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "உள்ளுணர்வும்மா. உள்ள இருந்து ஒண்ணு சொல்லும். அது சொன்னா யோசிக்கக் கூடாது, கெளம்பிரணும்" என்றேன். அரங்கமே கை தட்டியது. அந்தப் பெண் குனிந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் எழுதுவதைப் பார்த்தபோது எனக்கு முகமெல்லாம் சுட்டது. திரும்பி மலை ஏறும்போது சால்வையைப் பின் சீட்டில் போட்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழுக்கிக்கொண்டே வந்தது.

கடை காலியாக இருக்கிறது என்று எனக்குச் சொன்னது ஒரு அக்கா.

கூடப் பிறந்தவர் இல்லை. விடுதிச் சமையலறையில் ரொட்டி சுடுவது அவர் வேலை. நான் அங்கே தட்டுக் கழுவச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று, அவருக்கு முப்பது இருக்கும். சூடான ரொட்டியை வெட்டும்போது இரண்டு ஓரத்துண்டும் மிஞ்சும். பிள்ளைகள் அதைத் தின்னமாட்டார்கள். அக்கா ஒன்றில் வெண்ணெய் தடவி என் பக்கம் தள்ளிவிட்டு, இன்னொன்றை வீட்டுக்காரருக்கு எடுத்து வைப்பார். அவருடைய வீட்டுக்காரர் அதே பள்ளிக்கூடத்தில் தோட்டக்காரர். வேலை நேரம் போக, வட்டக்கானல் பாதைக்குக் கீழே குத்தகைக்கு எடுத்த கொஞ்சம் நிலத்தில் பூண்டும் கேரட்டும் போடுவார்.

பேருந்து நிலையத்திலிருந்து மேலே ஏறுகிற தெருவில், குடை ரிப்பேர் பார்த்த ஒருவர் காலி செய்துவிட்டுப் போன கடை அது. நான் தினமும் இரண்டு தடவை அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்தேன். கதவு என்ன நிறம் என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரியாது. அக்காவோ கதவில் எத்தனை பலகை என்பதுவரை எண்ணி வைத்திருந்தார். மழைக்கு ஒதுங்குகிற மாதிரி வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். அகலத்தைக் காலடியால் அளந்திருக்கிறார். அடுப்பு எங்கே, கண்ணாடிப் பெட்டி எங்கே, காற்று எந்தப் பக்கமிருந்து வரும், அதற்கு எதிர்ப்பக்கம் மாவை எப்படி வைப்பது என்றெல்லாம் யோசித்து முடித்துவிட்டார். ஒரு மத்தியானம், பாத்திரமெல்லாம் கவிழ்த்துவிட்டு டீ குடிக்கும்போது, என்னிடம்தான் முதலில் சொன்னார். கடைக்குச் சொந்தக்காரர் அய்யம்பாளையத்தில் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்காரர் இறங்கிப் போய்ப் பேசப்போகிறாராம்.

அக்கா பேசப் பேச நான் ரொட்டியைப் பற்றி நினைக்கவில்லை, பணத்தைப் பற்றியும் நினைக்கவில்லை. அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல வருஷமாக என் கண்ணில் படாத கடை, அந்தக் கண்ணில் தெரிந்ததும் எனக்கு வேண்டும் என்று ஆகிவிட்டது. வயிற்றில் பசி மாதிரி ஒன்று கிளம்பியது. அன்று வீட்டுக்குப் போகிற வழியில் அந்தக் கடைமுன் நின்றேன். கதவு பச்சை நிறம்.

மறுநாள் வெள்ளனே எழுந்து முதல் பஸ்ஸில் இறங்கினேன். போகலாமா வேண்டாமா என்று நான் யோசித்ததாக நினைவே இல்லை. கால் போனது, நானும் கூடப் போனேன். பஸ் பாதி மலை இறங்கிய பிறகுதான் சாக்குத் தேட ஆரம்பித்தேன். அக்காவுக்கும் வீட்டுக்காரருக்கும் பேரம் பேசத் தெரியாது, ஏமாந்துவிடுவார்கள், நாம் எடுத்து வைத்துக்கொண்டு அக்காவையும் பங்குக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நல்லெண்ணத்தை ஜோடித்துக்கொண்டேன். வத்தலக்குண்டு வருவதற்குள் நானே அதை நம்பியும் விட்டேன். அய்யம்பாளையத்தில் அந்தப் பெரியவர் தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், ரொட்டி சுடத் தெரியுமா என்று. தெரியும் என்றேன். அதுவும் பொய்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. திங்கட்கிழமை காலையில் அக்கா மாவு பிசைந்துகொண்டே, யாரோ முந்திக்கொண்டார்களாம், வீட்டுக்காரர் வெறும் கையோடு வந்துவிட்டார் என்று சொன்னார். முகம் வாடித்தான் இருந்தது. நான் தட்டைத் துடைத்துக்கொண்டே, "அடப்பாவமே, யாருக்கா அது?" என்றேன்.

மூன்று நாளில் விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது. அக்கா என்னிடம் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஓரத்துண்டையும் வெண்ணெய் தடவித்தான் தள்ளினார். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். மாசக் கடைசியில் வேலையை விட்டுவிட்டுக் கடையைத் திறந்தேன்.

திறந்து ஒரு வாரம் என் ரொட்டி செங்கல்லாகத்தான் வந்தது. மாவு உப்பவே இல்லை. நம்மூர்க் குளிரில் ஈஸ்ட் தூங்கிவிடும் என்பது எனக்குத் தெரியாது. விடுதியில் அந்த வேலை முழுக்க அக்கா கையில் இருந்தது. எட்டாவது நாள் சாயங்காலம், சோலி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அவர் கடைக்குள் வந்தார். குண்டானைத் திறந்து பார்த்தார். தன் மேலிருந்த கம்பளிச் சால்வையைக் கழற்றி குண்டானைச் சுற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முழம் தள்ளி வைத்தார். இவ்வளவு தூரம், இதற்குக் கிட்ட வந்தால் புளிக்கும், எட்டப் போனால் தூங்கும் என்று கையால் அளந்து காட்டினார். நான் ஏதோ மன்னிப்பு மாதிரி முனகினேன்.

"அதை விடு தம்பி. மாவு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

சால்வையில்லாமல் அந்தக் குளிரில் நடந்து போனார். மறுநாள் என் ரொட்டி உப்பியது. நான் தொழிலில் ஜெயித்த கதை இவ்வளவுதான். கல்லூரிப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் எதற்குக் கை தட்டுவார்கள்?

அதன் பிறகு நான் எடுத்த ஒவ்வொரு நல்ல முடிவும் இதே தினுசுதான். வட்டக்கானலில் சுற்றுலா வருகிறவர்களுக்காக ஒரு இளம் ஜோடி காப்பிக் கடை போட இடம் பார்த்தார்கள். என் கடையில் உட்கார்ந்து பேப்பரில் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்தை நான் தலைகீழாகப் பார்த்தேன். இரண்டாவது கிளை அங்கேதான் இருக்கிறது. மூன்றாவதும் அப்படியே. ஊரில் என்னை மூக்கு உள்ளவன் என்பார்கள், எங்கே எது ஓடும் என்று மோப்பம் பிடித்துவிடுவானாம். எனக்கு மூக்கும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நான் மற்றவர்கள் கண்ணைப் பார்க்கிறவன். காலி மனையில் என்னைத் தனியாக விட்டால் அது எனக்குக் காலி மனைதான். இன்னொருவன் வந்து ஆசையாகப் பார்த்தால்தான் அதில் எனக்குக் கட்டடம் தெரியும்.

என் மனைவி இதை எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள். திண்டுக்கல்லில் அவளுக்குச் சேலை எடுக்கப் போனால், பக்கத்தில் நிற்கிற அம்மாள் கையில் இருக்கிற சேலையைத்தான் நான் நல்லா இருக்கு என்பேனாம். "உங்களுக்குத் தன்னால பசிக்காதுங்க. பக்கத்து இலையப் பாத்தாத்தான் பசிக்கும்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நானும் சிரித்துவிடுவேன். போன அறுப்புப் பண்டிகை வரைக்கும் அது எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் இருந்தது.

எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகை அன்று அவரவர் விளைவித்ததை, சுட்டதை, வளர்த்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். கேரட், பேரிக்காய், பட்டர் பீன்ஸ், காலைக் கட்டிய சேவல், கேக் எல்லாம் இருக்கும். ஆராதனை முடிந்ததும் வெளியே மைதானத்தில் அவற்றை ஏலம் விடுவார்கள். காசு கோயிலுக்குப் போகும். ஒரு முட்டை கோழி விலைக்குப் போகும். எல்லாரும் சந்தோஷமாக ஏமாறுகிற இடம் அது. அதற்குச் சில முறைகள் உண்டு, யாரும் எழுதி வைக்காதவை. காணிக்கை கொடுத்த வீட்டுக்காரரே தன் பொருளை மறுபடி எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டுக் கை தூக்கினால், வேறு ஒருவர் ஒரே ஒரு தடவை ஏற்றிக் கேட்பார். அது மரியாதை. உன் பொருளுக்கு மதிப்பு இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. அவர் இன்னும் ஏற்றினதும் மற்றவர் கையை இறக்கிவிட வேண்டும்.

நான் பேக்கரி வைத்த நாள் முதல் வருஷா வருஷம் அக்காவின் கேரட் கேக்கை யாரும் நெருங்க முடியாத விலைக்கு எடுத்து வந்தேன். அதைப் பரிகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் கை தட்டும், அக்கா தலை குனிந்திருப்பார், கூச்சம் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொள்வேன்.

போன வருஷம் பண்டிகைக்கு இரண்டு மாசம் முன்னால் அக்காவின் வீட்டுக்காரர் இறந்துபோனார். பூண்டு பிடுங்கத் தொடங்கிய நேரத்தில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. படுக்கும் முன் அவரே பிடுங்கி, பெரிய தலைகளாகப் பார்த்துச் சேர்த்து, தாளோடு பின்னி, இது கோயிலுக்கு என்று சொல்லி அடுப்புப் புகையில் தொங்கவிட்ட கட்டு ஒன்றுதான் வீட்டில் மிஞ்சியது. மீதி எல்லாவற்றையும், அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பக்கத்து நிலத்துக்காரர்கள் உதவியாகப் பிடுங்கிச் சந்தைக்கு ஏற்றிவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக அவர் தன் பூண்டிலிருந்தே விதை எடுத்து நட்டு வந்தவர். வெளி விதை வாங்கினதே இல்லை. ஆக, அந்த விதை உலகத்தில் அந்த ஒரு கட்டில்தான் இருந்தது. அக்கா அவர் வார்த்தையை மீறாமல் கட்டைப் பீடத்தில் வைத்தார். ஏலத்தில் தானே எடுத்து, அடுத்த நடவுக்கு வீட்டுக்காரர் நிலத்திலேயே போட வேண்டும் என்பது அக்காவின் எண்ணம். சபையில் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது.

கட்டைத் தூக்கிக் காட்டினார்கள். அக்கா கையைத் தூக்கி ஒரு விலை சொன்னார். மரியாதைக்கு யாராவது ஏற்ற வேண்டும். நான் ஏற்றினேன். பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், பெரிய மனுஷன் செய்கிற காரியம் என்று. அக்கா ஏற்றினார். அப்போது நான் அவருடைய கண்ணைப் பார்த்துத் தொலைத்தேன்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் டீ குடிக்கும்போது பார்த்த அதே கண். என் கை மறுபடி மேலே போனது. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் ஏற்றினார். நானும் ஏற்றினேன். எடுத்து அவருக்கே கொடுத்துவிடலாம், அவருக்குக் காசு மிச்சம், சபைக்கும் லாபம் என்று உள்ளே ஒரு குரல் ஜோடித்தது. பஸ்ஸில் கேட்ட அதே குரல். அக்கா பர்ஸைத் திறந்து பார்த்து மூடினார். கடைசியாக ஒரு தொகை சொன்னார். குரல் சின்னதாகிவிட்டது. ஏலம் விட்ட கமிட்டிக்காரர் ஒரு தரம் என்றார். ரெண்டு தரம் என்றார். அப்புறம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மறுபடி ஏற்றிவிடக் கூடாது என்று அவர் மூணாம் தரத்தை அவசரமாகச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் இன்னும் ஏற்றிவிட்டேன்.

யாரும் கை தட்டவில்லை. கமிட்டிக்காரர் கட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்காமல் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். என் மனைவி எழுந்து காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். அக்காவிடம் கொடுக்கலாம் என்று திரும்பினால் அவர் இல்லை.

மறுநாள் வெட்கம் கெட்டுப் போய்க் கட்டைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்து, வாங்க என்றார். அதுவரை என்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார். பூண்டைத் தொடவில்லை.

"இது ஆண்டவருக்குன்னு அவரு எடுத்து வச்சது. நான் காசு போட்டு எடுத்திருந்தா அது காணிக்கை. இப்ப நீங்க சும்மா குடுத்து நான் வாங்குனா, குடுத்ததைத் திருப்பி வாங்குன மாதிரி ஆயிரும். அவரு வார்த்தை என்னத்துக்கு ஆகும்?" என்றார்.

அப்படியானால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு ரூபாய் கொடுங்கள் போதும் என்று மன்றாடினேன். அது ஏலமா என்று கேட்டார். கட்டை எடுத்துக்கொண்டு வந்து பேக்கரியில் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன். வேலைக்காரர்கள் அதன் கீழே குனிந்து போனார்கள். யாரும் என்னவென்று கேட்கவில்லை. நடவுக் காலம் வந்தது. அக்கா வெளியிலிருந்து விதைப் பூண்டு வாங்கிப் போட்டதாகக் கேள்விப்பட்டேன். நான்கு மாசத்தில் என் அடுப்புக்கு மேலே தலைகள் பச்சையாக முளை விட்டன. அந்தச் சமயத்தில்தான் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது.

கல்லூரியிலிருந்து திரும்பிய மறுநாள் கட்டை எடுத்துக்கொண்டு நேராக நிலத்துக்குப் போனேன். அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டது என்னை உறங்க விடவில்லை. வட்டக்கானல் பாதைக்குக் கீழே, படிப்படியாக இறங்குகிற நிலம். அக்கா களை எடுத்துக்கொண்டிருந்தார். எட்டுப் பாத்தியில் ஏழில் பூண்டு நின்றது. மேல் பாத்தி ஒன்று மட்டும் கொத்தி, மண்ணைப் பொடியாக்கி, எதுவும் நடாமல் கிடந்தது. அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அக்கா கட்டை வாங்கவில்லை. கிட்ட வந்து ஒரு தலையை நசுக்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் உள்ளே காய்ந்துவிட்டது, மீதி உயிரோடுதான் இருக்கிறது என்றார். அப்புறம், "நீங்களே நடுங்க. வெளஞ்சா உங்க வெள்ளாமை. அடுத்த அறுப்புப் பண்டிகைக்கு நீங்க கொண்டு போய் வைங்க. நான் ஏலத்துல எடுத்துக்கிறேன்" என்றார். "அப்பவாவது கையத் தூக்காம இருப்பீகளா?"

இருப்பேன் என்றேன். இவ்வளவு சுலபமான வழியை நான்கு மாசமாக என்னால் யோசிக்க முடியவில்லை. பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அந்தப் பாத்தியில் உட்கார்ந்தேன். பல் பல்லாகப் பிரித்து, உயிர் இருப்பதை மட்டும் எடுத்து ஊன்றினேன். ஆழமாகப் போகாதீர்கள், இவ்வளவு போதும் என்று அக்கா விரலில் ஒரு கணுவைக் காட்டினார். அன்றைக்குக் குண்டானுக்குப் பக்கத்தில் அளந்து காட்டிய அதே மாதிரி. ஐம்பது அறுபது பல் தேறியது. இத்தனை வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் அக்கா பக்கத்தில் நான் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

கடைசி வரிசை ஊன்றிக்கொண்டிருக்கும்போது மேலே பாதையில் ஒரு கார் நின்றது. வெளியூர் ஆள் ஒருவர் இறங்கி, நிலத்தையும் அதற்கு எதிரே திறந்து கிடந்த பள்ளத்தாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். போனை நீட்டிப் படம் எடுத்தார். கையை விரித்து, இங்கே இருந்து அங்கே வரை என்று யாருக்கோ போனில் சொன்னார். மூடுபனி விலகி, கீழே ஊர்கள் தெரிந்தன. அந்த ஆள் கண்ணை நான் பார்த்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு முந்தின நிமிஷம்வரை அது எனக்கு எட்டுப் பாத்தி பூண்டு. என் கையில் அப்போதும் ஒரு பல் இருந்தது. மண்ணில் உட்கார்ந்தபடியே என் வாய் கேட்டது:

"இந்த எடம் யாருதுக்கா?"

கேட்டு முடித்த பிறகுதான் நான் கேட்டது எனக்கே கேட்டது. அக்கா களைக்கொத்தை நிறுத்திவிட்டு மேலே நின்ற ஆளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. வழி கேட்கிற ஆளுக்குச் சொல்கிற மாதிரிப் பொறுமையாகச் சொன்னார்.

"ஓனரு கன்னிவாடியில இருக்காரு. விக்கிற யோசனையிலதான் இருக்காராம். மொத பஸ்ஸுக்கு எறங்குனீங்கன்னா வெள்ளனே பாத்துரலாம்."

சொல்லிவிட்டுக் குனிந்து மறுபடி களையைக் கொத்த ஆரம்பித்தார். நான் கையிலிருந்த பல்லை ஊன்றினேன். மண்ணை மூடினேன். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் பாதைக்கு ஏறினேன்.

சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அடப்பாவமே யாருக்கா என்று கேட்டதையும் சேர்த்து. அது மட்டும் அவளுக்குத் தெரியாமல் இருந்தது. அவள் கார் சாவியை எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். போனையும் வாங்கி வைத்துக்கொண்டாள். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு ஆளை இப்படிக் கட்டிப் போட வேண்டியிருக்கிறது. நான் மறுக்கவில்லை, எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

காலையில் விடிவதற்கு முன் விழிப்புத் தட்டியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணுக்குச் சரியான பதிலைக் கடிதமாக எழுதி அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். முதல் வரிகூட மனசுக்குள் ஓடியது. பேருந்து நிலையப் பக்கமிருந்து வண்டி கிளம்புகிற உறுமல் கேட்டது. எங்கள் வீட்டு வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பும். அந்தச் சத்தம் வரும்வரை கட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். வந்தது, போனது. கீழ் வளைவுகளில் தேய்ந்து அடங்கியது.

மனைவி எழுந்து விளக்கைப் போட்டாள். அப்போதுதான் குனிந்து என் காலைப் பார்த்தேன். இரண்டு காலிலும் ஷூ இருந்தது. கயிறுகூடக் கட்டியிருந்தது. எப்போது மாட்டினேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

பூண்டு விளைய இன்னும் நாலு மாசம் இருக்கிறது. நாளைக்கும் முதல் பஸ் உண்டு.